அப்பாவின் ஆலையும் பெர்லின் இரும்பும்

கடந்த தீபாவளி விடுமுறைக்கு ஜொகூர் பாருவில் படிக்கும் என் மகன் காஹாங்குக்கு வந்திருந்தான். வந்த நாளிலிருந்து காதில் ஹெட்போனை மாட்டியபடி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்படி என்னதான் கேட்கிறான் என்று வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன்.

முதல் நொடியிலேயே உடம்பு தூக்கிப் போட்டது. இரும்போடு இரும்பு மோதியது. எங்கோ சங்கிலி இழுபட்டது. நீராவி சீறுவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. அதற்கு நடுவில் ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்தினான்.

"என்னடா இது, மில்லு ஓடுற சத்தமா?"

"இல்லப்பா, இது பாட்டு. பெர்லின்ல உள்ள குழு. நாப்பது வருசத்துக்கு மேல வாசிக்கிறாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. "இரும்பைத் தட்டுறதுக்கு எவனாவது காசு குடுப்பானா? உன் தாத்தா முப்பத்தொரு வருசம் இந்தச் சத்தத்துலதான் நின்னாரு. அவருக்கு யாரு கைதட்டுனா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. தொலைக்காட்சி முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. அதுவே அவருக்குப் போதவில்லை.

அன்று கோபத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போய், அந்த ஜெர்மன் குழுவின் கதையையும் என் அப்பாவின் கதையையும் சேர்த்தே தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

ஆலைக்கும் ஒரு தாளம் உண்டு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு எங்கள் காஹாங்கைத் தெரிந்திருக்கும். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் இங்கேதான் உள்ளே திரும்புவார்கள். மற்றபடி சாலையின் இரு பக்கமும் செம்பனைதான். நான் பிறந்த தோட்டமும் அதற்குள் ஒன்று. லயத்து வீட்டின் பின்கதவைத் திறந்தால் செம்பனை ஆலையின் புகைபோக்கி தெரியும். அப்பா அங்கே பாய்லர்காரர்.

வெட்டிய குலைகள் லோரியில் வந்து இறங்கும். அவற்றை இரும்புக் கூண்டுகளில் நிரப்பித் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டுபோய், பெரிய உருளைக்குள் வைத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நீராவியில் வேக வைப்பார்கள். வெந்து முடிந்ததும் நீராவியைத் திறந்து விடுவார்கள். அந்தச் சீறல் லயம் முழுவதும் கேட்கும். இராத்திரியில் புதிதாக வந்த மருமகள்கள் பயந்து எழுந்துவிடுவார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கோ அது தாலாட்டு.

வெந்த குலைகள் அடுத்து ஒரு பெரிய சுழலும் உருளைக்குள் விழும். அது நிமிடத்துக்கு 20-க்குச் சற்று அதிகமான சுற்றுகள் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் குலைகள் மேலே போய்த் தொம்மென்று கீழே விழ, பழங்கள் உதிரும். உதிர்ந்த பழத்தைத் திருகு அழுத்தியில் பிழிந்தால் எண்ணெய். மிஞ்சிய நாரும் கொட்டை ஓடும் பாய்லருக்கே தீனி. அந்த நெருப்பில் எழும் நீராவிதான் பழத்தையும் வேக வைக்கும், மின்சாரத்தையும் உண்டாக்கும்.

இத்தனை இயந்திரமும் ஒன்றாக ஓடும்போது கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். அப்பாவுக்கு அப்படி இல்லை. ஒரு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங் மேல் வைத்து, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்பார். "இது இன்னும் பத்து நாள்தான் தாங்கும்" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடக்கும்.

டிரம்மை விற்றவர் கண்ட வழி

மகன் கேட்ட குழுவின் பெயர் ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன். வாயில் நுழைய எனக்கு ஒரு வாரம் ஆனது. 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று பொருள். போருக்குப் பிறகு ஜெர்மனியில் அவசர அவசரமாக எழுப்பிய கட்டடங்களைத்தான் அங்கே 'புதுக் கட்டடம்' என்பார்கள்.

1980 ஏப்ரல் 1-ஆம் தேதி மேற்கு பெர்லினில் ஒரு சிறிய விடுதியில் இந்தக் குழு முதன்முதலாக மேடையேறியது. தலைவர் பிளிக்சா பார்கெல்ட். அப்போது அவருக்கு வயது 21. உடன் இருந்தவர்களில் முக்கியமானவர் என்.யூ. உன்ரூ. ஏழு வாரம்தான் கடந்திருந்தது, மே 21-ஆம் தேதி பெர்லினின் புகழ்பெற்ற மாநாட்டு மண்டபத்தின் கூரை உண்மையிலேயே இடிந்து விழுந்து ஓர் உயிரைப் பறித்தது. 1957-இல் கட்டிய 'புதுக் கட்டடம்' அது. வைத்த பெயர் இப்படிப் பலிக்கும் என்று அந்த இளைஞர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றைய மேற்கு பெர்லின், சுற்றிலும் சுவர் எழுப்பிய ஒரு தீவு போன்றது. அங்கே குடியிருந்தவர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவை கிடையாது என்பதால் ஜெர்மனியின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கினார்கள். வாடகை மலிவு, வேலை குறைவு, கையில் காசு இல்லை. பணமுடையில் உன்ரூ தன் டிரம் செட்டை விற்றுவிட்டார். வாசிக்க ஏதாவது வேண்டுமே! கட்டுமான இடங்களிலும் பழைய இரும்புக் குவியல்களிலும் கிடைத்த தகரம், குழாய், சுருள்கம்பி எல்லாவற்றையும் பொறுக்கி வந்து தட்ட ஆரம்பித்தார். கொள்கையோடு வறுமையும் சேர்ந்து உருவாக்கிய இசை அது. இந்த இடத்தைப் படித்தபோதுதான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிய தோட்டத்துப் பிள்ளை அல்லவா நான்!

அதே ஆண்டு ஜூன் மாதம் பார்கெல்ட்டும் உன்ரூவும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்கூட்டுக்குள் புகுந்து, அங்கேயே தட்டிப் பாடிப் பதிவு செய்தார்கள். 1981-இல் 'கொலாப்ஸ்' என்ற முதல் இசைத்தட்டு வந்தது. பிங்க் ஃபிளாய்ட் குழு தன் கருவிகளையெல்லாம் தரையில் பரப்பி எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. அதைக் கிண்டல் செய்வதுபோல் இவர்கள் பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் முன்னால் தங்கள் இரும்புச் சாமான்களைப் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரைச்சலுக்கு முன்னோடிகள்

இவர்கள்தான் முதல் ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1913-லேயே இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ, இயந்திரங்களின் காலத்துக்கு இயந்திரங்களின் ஓசையே இசையாக வேண்டும் என்று எழுதி, உறுமவும் இரையவும் செய்யும் பெட்டிகளையும் செய்து காட்டினார். 1948-இல் பிரான்ஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் ரயில் வண்டிகளின் ஓசையைப் பதிவு செய்து, அதையே ஓர் இசைப் படைப்பாக்கினார்.

1976-இல் லண்டனில் 'த்ராபிங் கிரிசில்' என்ற நால்வர் குழு சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, அதற்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தது. இந்த வகை இசைக்கே 'ஆலை இசை' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அந்த நால்வரில் ஒருவரான பீட்டர் கிறிஸ்டஃபர்சன் பிற்காலத்தில் நம் அண்டை நாடான தாய்லாந்துக்கு வந்து குடியேறி, 2010-இல் பாங்காக்கிலேயே காலமானார்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒருவர் போனார். பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். உன்னிப்பாகவும் கேட்கலாம், பேசிக்கொண்டே காதில் விழவும் விடலாம். அறையில் ஊதுபத்தி மணம் பரவுவதுபோல் அந்த இசை பரவி நிற்கும். அதற்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர் வைத்தார். நம் தமிழில் 'சூழல் இசை' என்று சொல்லலாம். ஆலை இசையும் சூழல் இசையும் எதிரிகள் போலத் தெரிந்தாலும், இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: சுற்றி இருக்கும் ஓசையை நீ எப்போதாவது காது கொடுத்துக் கேட்டாயா?

துளைத்தவர்கள், பிறகு அடங்கியவர்கள்

1984 ஜனவரி 3-ஆம் தேதி லண்டனின் சமகாலக் கலைக் கழகத்தில் இவர்களில் சிலர் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையில் சிமெண்டு கலக்கும் இயந்திரம், துளைப்பான், இரும்பு அறுக்கும் கருவி. மேடைத் தரையையே துளைக்க ஆரம்பித்ததும் அரங்கத்தார் பதறிப்போய் நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2007-இல், அதே அரங்கில் அந்த ரகளையை ஒரு கலைஞர் நடிகர்களை வைத்து மறுபடி நடத்திக் காட்டினார் என்பதுதான் வேடிக்கை.

அடுத்து ஜப்பானுக்குப் போனபோது, இயக்குநர் சோகோ இஷீ இடிக்கப்படவிருந்த ஒரு பழைய இரும்பாலைக்குள் இவர்களை வாசிக்க வைத்துப் படமாக்கினார். அந்தப் படத்தை மகன் எனக்குப் போட்டுக் காட்டினான். துருப்பிடித்த தூண்கள், உயரத்தில் உடைந்த கூரை, உள்ளே விழும் வெளிச்சம். நான் இசையைக் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து ஆலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயது ஏற ஏற இந்தக் குழுவும் மாறியது. சிலர் விலகினார்கள், சிலர் சேர்ந்தார்கள். 2000-இல் வந்த இசைத்தட்டின் தலைப்புப் பாடலில் மௌனமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சிகரெட்டை இழுத்து விடும் மூச்சுகூட அதில் தெளிவாகக் கேட்கிறது. 2002-இல் பெரிய நிறுவனங்களை நம்பாமல், இரசிகர்களிடமே முன்கூட்டிச் சந்தா வாங்கி இசைத்தட்டு தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று பலரும் இணையத்தில் செய்யும் கூட்டு நிதித் திரட்டலை அன்றே செய்தவர்கள்.

2004-இல் பழைய கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த குடியரசு மாளிகைக்குள் வாசித்தார்கள். கல்நார் ஆபத்தால் மூடி, உள்ளே எல்லாவற்றையும் உரித்து எடுத்து, எலும்புக்கூடாய் நின்ற கட்டடம் அது. சந்தா கட்டிய இரசிகர்களே பாடகர் குழுவாக நின்றார்கள். 2006-இல் இடிக்கத் தொடங்கி, 2008 முடிவதற்குள் அந்த மாளிகை இல்லாமல் போனது.

என்னை அசைத்தது 2014-இல் அவர்கள் செய்த வேலை. முதல் உலகப் போரின் நூறாம் ஆண்டு நினைவாக, அந்தப் போரில் சிதைந்த பெல்ஜிய நகரமான டிக்ஸ்மௌடே கேட்டுக்கொண்டபடி 'லமெண்ட்' என்ற படைப்பை உருவாக்கினார்கள். அதில் ஒரு பகுதியில் வெறும் பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு நாடு. ஓர் அடி என்றால் போரில் ஒரு நாள். நிமிடத்துக்கு 120 அடி என்று வாசித்தும் அந்தப் போர் முடியப் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. எந்த நாடு எந்த நாளில் போரில் இறங்கியதோ அந்த நாளில் அதன் குழாய் ஒலிக்கத் தொடங்கும். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் கேட்டு முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2024-இலும் புது இசைத்தட்டு கொண்டுவந்தார்கள். பழைய இரும்பை நம்பித் தொடங்கிய குழு நாற்பத்து நான்கு ஆண்டுகள் நின்றிருக்கிறது.

நமக்குப் புதிதா?

யோசித்துப் பார்த்தால் இந்த இசை நமக்கு அவ்வளவு தூரமானது அல்ல. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உறுமி மேளம் வருகிறது. உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுவது இராகமா? காட்டு விலங்கின் உறுமல் அது. அந்தச் சத்தம்தான் சாமியை இறக்கும் என்று நம்புகிறோம். தோட்டத்துத் தீமிதித் திருவிழாவில் பறை அடி நெஞ்சுக்கூட்டில் இறங்காவிட்டால் நமக்குத் திருவிழா பார்த்த நிறைவு வராது. "மேளமா, இரைச்சலா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்பவர்களிடம் நாம் சண்டைக்குப் போகிறோம். அதே கேள்வியைத்தான் நான் என் மகனிடம் கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் காது

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. பெர்லின் இளைஞர்கள் சத்தத்தைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். என் அப்பாவுக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை.

அவர் வேலை பார்த்த காலத்தில் காதில் வைக்க ஆலையில் எதுவும் கொடுத்ததில்லை. பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொள்வார். அதுவும் வியர்வையில் நனைந்து விழுந்துவிடும். முதலில் பெண்பிள்ளைகளின் குரல் அவருக்குத் தெளியாமல் போனது. பேத்தி பேசினால் "என்னா? என்னா?" என்பார். தூரத்தில் லோரி வருவது மட்டும் சரியாகக் கேட்கும். ஆலைச் சத்தம் உட்செவியைத் தாக்கும்போது மெல்லிய, உச்ச ஓசைகள்தான் முதலில் போகும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போனது திரும்பாது.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு விதிமுறை, எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தது. 2019-இல் வந்த புதிய விதிமுறை அதை 85 ஆகக் குறைத்தது. ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபல் ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். வரம்புக்கு மேற்பட்ட சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் முதலாளியே காது பரிசோதனை செய்து தர வேண்டும். வேலையால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அப்பா வேலையை விட்ட பிறகு, எல்லாம் முடிந்துபோன காலத்தில்தான் எனக்கு இது தெரிய வந்தது. இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது ஆலையில் இருந்தால், இன்றே கேளுங்கள்: "காது பரிசோதனை எடுத்தாச்சா?"

கடைசி ஷிப்டு

எங்கள் தோட்டத்து ஆலை மூடிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இயந்திரங்களை எடைக்கு விற்கப்போகிறார்கள் என்று பொங்கலுக்கு முன் செய்தி வந்தது. தெரிந்த கிராணி ஒருவரிடம் சொல்லி அனுமதி வாங்கி, நானும் மகனும் அப்பாவை அழைத்துக்கொண்டு போனோம். மகன் பையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. ஓடாத ஆலையில் எதைப் பதிவு செய்யப்போகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா உள்ளே போனதும் சற்று நேரம் பாய்லர் முன்னால் நின்றார். கீழே கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்தார். பேரன் என்ன கேட்டானோ, அவருக்கு எப்படிப் புரிந்ததோ, உருளையின் பக்கவாட்டில் மெதுவாக அடிக்க ஆரம்பித்தார். தொம்... தொம்... தொம். "இது திரெஷர்." அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்தார். வேகமாக, சின்னச் சின்ன அடி. "இது கொட்டை ஒடைக்கிறது." பிறகு குழாயில் ஸ்பேனரை நீளமாக இழுத்தார். "இது ஸ்டீம் தொறந்து விடுறது." இரவு ஷிப்டில் எது எதற்குப் பின் எது ஓடுமோ அந்த வரிசை மாறாமல், செத்துப்போன இயந்திரங்களின் மேலேயே அவற்றின் குரலை அடித்துக் காட்டினார். காது கேட்காத மனிதர். ஒரு தடவைகூடத் தாளம் தப்பவில்லை.

பத்து நாள் கழித்து லோரிகள் வந்து இரும்பை அள்ளிப் போய்விட்டன.

பொங்கல் முடிந்து மகன் கிளம்புவதற்கு முன், அந்தப் பதிவைக் கொண்டு தான் செய்த பதினொரு நிமிட இசையைப் போட்டுக் காட்டினான். தாத்தாவின் அடிகளுக்குப் பின்னால், எங்கள் லயத்து இரவின் பூச்சிச் சத்தத்தை மிக மெதுவாக ஓட விட்டிருந்தான். நான் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சத்தமாக வைத்தும் தலையாட்டவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மகன் நிறுத்தப் போனான். அப்பா கையைக் காட்டித் தடுத்தார். எழுந்து போய் சாமான் பெட்டியிலிருந்து நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து வந்தார். அதன் முனையை ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். கனத்த அதிர்வு மட்டுமாவது அவருக்கு எட்டியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். பதினொரு நிமிடமும் அசையவில்லை.

முடிந்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"திரெஷர் கொஞ்சம் வேகமா ஓடுது. கொறைக்கச் சொல்லு."

மகன் குறைத்துவிட்டான்.